நான்கு வேலிகள்: காசு போட்டு விளையாடிய வீடியோ கேமின் கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளபோது ஆறுதலாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் நாற்பது வயதைத் தொட்ட யாராவது இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

"சேர், இவன் போனைக் கீழ வைக்கிறானே இல்ல." இந்த வசனம் இல்லாமல் இப்போதெல்லாம் ஒரு பெற்றோர் கூட்டமும் முடிவதில்லை. அதைச் சொல்லும் வாப்பாமாரில் பலர் என் வயதுக்காரர்கள். தொண்ணூறுகளில் டிவி கேம் விளையாடி வளர்ந்தவர்கள். "நாங்களும்தானே விளையாடினோம், எங்களுக்கு இப்படி ஆகல்லியே" என்று அடுத்த வசனத்தையும் அவர்களே சொல்வார்கள்.

அந்த இரண்டாவது வசனம் நியாயமான ஒரு வரலாற்றுக் கேள்வி. அன்று விளையாடியதற்கும் இன்று விளையாடுவதற்கும் இடையில் என்ன மாறியது? பிள்ளைகள் மாறிவிட்டார்களா, விளையாட்டு மாறிவிட்டதா?

இதே கேள்வியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூடி, 1980ஆம் ஆண்டுக் காலத்து வீடியோ கேம் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டுக்கள் எல்லாவற்றையும் ஒரு சாதாரண போனிலேயே விளையாடலாம். அப்படியிருந்தும் அலுமாரி அளவு கனமான பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எதைத் தேடி?

என் விளக்கம் இதுதான். பழைய வீடியோ கேமைச் சுற்றி நான்கு வேலிகள் இருந்தன. போய்ச் சேர வேண்டிய ஓர் இடம். கையால் போட வேண்டிய ஒரு நாணயம். கட்டாயம் வந்து சேரும் ஒரு முடிவு. பக்கத்தில் நிற்கும் ஓர் ஆள். பிள்ளைகளின் நன்மையை நினைத்து யாரும் இந்த வேலிகளைப் போடவில்லை. அன்றைய தொழில்நுட்பத்தின் குறையும் கடைக்காரரின் இலாபமும் சேர்ந்து போட்டவை அவை. ஐம்பது வருடங்களில் அவை ஒவ்வொன்றாகக் கழன்ற கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம்: இரண்டு பேர் இல்லாமல் ஆட முடியாத விளையாட்டு

1972ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் அடாரி என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய வருடம் அவர்கள் உருவாக்கிய 'கம்பியூட்டர் ஸ்பேஸ்' என்ற இயந்திரம் பெரிதாக எடுபடவில்லை. அதை எப்படி ஆடுவது என்று விளங்கிக்கொள்வதே மக்களுக்குச் சிரமமாக இருந்தது. எனவே அடாரியில் வேலைக்குச் சேர்ந்த அலன் அல்கோர்ன் என்ற இளம் பொறியியலாளரிடம் மிக எளிமையான ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். அவர் செய்ததுதான் 'பொங்'. திரையில் ஒரு புள்ளி பந்து. இரண்டு கோடுகள் மட்டைகள். அவ்வளவுதான்.

முதல் இயந்திரத்தைச் சனிவேல் நகரத்தில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாட்களில் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால் இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. காசுப்பெட்டி நிரம்பி வழிந்து, அடுத்த நாணயம் உள்ளே போக இடமில்லாமல் நின்றிருக்கிறது. வீடியோ கேம் என்ற பெரும் வியாபாரம் அந்த நிரம்பிய பெட்டியில்தான் தொடங்கியது என்று சொன்னாலும் தகும்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விடயம் உண்டு. பொங்கைத் தனியே விளையாட முடியாது. எதிரே ஆடுவதற்குக் கம்பியூட்டர் எதிராளி அதில் இல்லை. அதைச் செய்யும் வசதி அன்றைய சுற்றுகளில் இருக்கவில்லை. ஆகவே பக்கத்தில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். நான்காவது வேலி முதல் நாளிலேயே இருந்தது.

ஜப்பானின் முறை: வேகமும் முடிவும்

1978இல் ஜப்பானின் டைட்டோ கம்பனி 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. மேலிருந்து ஐந்து வரிசையில் 55 விண்வெளி எதிரிகள் இறங்கி வருவார்கள். கீழிருந்து சுட வேண்டும். எதிரிகள் குறையக் குறைய மீதமுள்ளவர்கள் வேகமாக வருவார்கள். நெஞ்சு படபடக்கும். அந்த வேகம் ஆரம்பத்தில் திட்டமிட்டுச் செய்யப்பட்டதல்ல. 55 உருவங்களை வரைய அந்தச் சிறிய கணினிக்கு நேரம் எடுத்தது. உருவங்கள் குறைந்ததும் அதன் வேலை குறைந்து வேகம் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். ஒரு குறைபாடு விளையாட்டின் உயிராக மாறியது.

ஜப்பானில் இந்த ஒரு விளையாட்டுக்காகவே 'இன்வேடர் வீடு' என்ற பெயரில் கடைகள் தோன்றின. ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது என்ற கதையை இணையத்தில் நீங்களும் வாசித்திருப்பீர்கள். நாணய வரலாற்றைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நல்ல கதை எல்லாம் வரலாறு ஆகாது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இது எனக்கு உதவும் உதாரணம்.

1980இல் நாம்கோ கம்பனியின் டோரு இவதானி 'பக்மேன்' செய்தார். அன்றைய விளையாட்டு நிலையங்கள் ஆண்களின் கூடாரமாக, சுடுவதும் வெடிப்பதுமாக இருந்தன. பெண்களும் சோடியாக வருபவர்களும் விளையாடக்கூடிய ஒன்று வேண்டும் என்று யோசித்து, சாப்பிடுவதை மையமாக எடுத்தார். துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணம் கொடுத்தார். சிவப்பு நேராகப் பின்னால் வரும். இளஞ்சிவப்பு நீங்கள் போகப் போகும் இடத்துக்கு முன்னே வந்து மறிக்கப் பார்க்கும்.

பக்மேனுக்கு ஓர் இறுதிக் கட்டம் என்று யாரும் திட்டமிடவில்லை. ஆனாலும் முடிவு வந்தது. எட்டு பிட்டில் 0 முதல் 255 வரை 256 எண்களை மட்டுமே எழுத முடியும் என்று தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? பக்மேனில் எத்தனையாவது கட்டம் என்பதை எண்ணியது எட்டு பிட் எண்ணி. 256ஆவது கட்டத்தில் கணக்குப் பிழைத்து, திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குறியுமாகக் குழம்பிவிடும். அதற்கு மேல் வழியில்லை.

சாதாரண ஆட்டக்காரருக்கு முடிவு அதற்கு வெகு முன்னரே வந்துவிடும். கடைக்காரருக்கு வருமானம் வேண்டும் என்றால் ஒரு நாணயத்துக்கு ஒருவர் சில நிமிடங்களுக்கு மேல் நிற்கக் கூடாது. எனவே விளையாட்டு உங்களைச் சீக்கிரம் தோற்கடிக்க வேண்டும். "கேம் ஓவர்" என்ற இரண்டு சொற்கள் அந்த வியாபாரக் கணக்கிலிருந்து வந்தவை. தோற்றவர் ஒதுங்குவார். பின்னால் நின்றவர் முன்னால் வருவார். உங்கள் திறமைக்குச் சாட்சி, திரையில் பதியும் மூன்று எழுத்துப் பெயரும் புள்ளிகளும். பல இயந்திரங்களில் இரவு கடையைப் பூட்டி மின்சாரத்தை நிறுத்தியதும் அதுவும் அழிந்துவிடும். நாளை எல்லாரும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றும் பெற்றோர் பயந்தார்கள்

இன்று நாங்கள் போனைப் பார்த்துப் பயப்படுவது போல அன்று உலகம் இந்த இயந்திரங்களைப் பார்த்துப் பயந்தது. 1981இல் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி மார்கோஸ் வீடியோ கேம் இயந்திரங்களையே தடை செய்தார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கீட் என்ற நகரம், 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் காசு போடும் விளையாட்டு இயந்திரங்களைத் தொடக் கூடாது என்று விதி போட்டது. அந்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் தீர்ப்பு வந்தது. அதே வருடம் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், வீடியோ கேம்கள் பிள்ளைகளின் உடலையும் மனதையும் பிடித்து வைத்திருக்கின்றன என்ற கருத்தில் பேசினார். பின்னர் அது தன் சொந்த அபிப்பிராயம், விஞ்ஞான ஆதாரத்தில் சொன்னதல்ல என்று தெளிவுபடுத்தினார்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1985 முதல் அமுலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி விளையாட்டு நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். நள்ளிரவுக்குள் மூட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு 10 மணிக்குப் பின் உள்ளே இருக்கக் கூடாது. விளையாட்டைத் தடை செய்யாமல், ஏற்கனவே இருந்த இடம் என்ற வேலியை நேரத்தால் இன்னும் உயர்த்தினார்கள். விளையாட்டு ஒரு கடைக்குள் இருந்தபடியால் அது முடிந்தது. கடைக்குக் கதவு உண்டு. கதவைப் பூட்டலாம்.

முதல் வேலி கழன்றது: இடம்

விளையாட்டைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி 1972இலேயே ரால்ஃப் பேயரின் கண்டுபிடிப்பான 'மக்னவொக்ஸ் ஒடிசி'யோடு தொடங்கிவிட்டது. பின்னர் அடாரி வீட்டுச் சந்தையைப் பிடித்தது. ஆனால் அவசரமும் பேராசையும் அதைக் கவிழ்த்தன. 'ஈ.டி.' திரைப்படத்தின் பெயரில் ஒரு விளையாட்டை 1982 கிறிஸ்மஸ் விற்பனைக்காக ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் செய்யச் சொன்னார்கள். விற்பனையாகாமல் பெருந்தொகை திரும்பி வந்தது. 1983இல் அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் சந்தையே சரிந்தது. அடாரி விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ நகரக் குப்பை மேட்டில் புதைத்தது. பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள். 2014 ஏப்ரலில் அந்த மேட்டைத் தோண்டினார்கள். சுமார் 1,300 விளையாட்டுக் கெசட்டுகள் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று இன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. முப்பது வருடத்தில் குப்பை தொல்பொருளாகிவிட்டது.

அமெரிக்காவில் சந்தை சரிந்த அதே 1983இல், ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் நின்டென்டோ கம்பனி 'ஃபமிகொம்' என்ற சிவப்பு வெள்ளைப் பெட்டியை வெளியிட்டது. 1985இல் அதற்காக 'சூப்பர் மாரியோ' வந்தது. ஃபமிகொம் உலகம் முழுவதும் 60 மில்லியனுக்கும் மேல் விற்றது. ஆனால் எங்கள் கைக்கு வந்தது அந்த அசல் பெட்டி அல்ல. தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் அதை அப்படியே நகல் செய்து மலிவாக விற்றார்கள். ரஷ்யாவில் அதன் பெயர் 'டெண்டி'. போலந்தில் 'பெகாசஸ்'. எங்கள் ஊர்களில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. எல்லாமே 'டிவி கேம்'தான்.

அந்தப் பெட்டியோடு வந்த கெசட்டில் "ஒன்றில் 9999 விளையாட்டு" என்று எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபது முப்பது விளையாட்டுக்கள் திரும்பத் திரும்ப வரும். இருந்தாலும் அந்த இருபதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. நாங்கள் 'டாங்கி கேம்' என்று சொன்னது நாம்கோவின் 1985ஆம் ஆண்டு 'பெட்டில் சிட்டி'. 'கொன்ட்ரா'வில் மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம் என்று ஒரு வரிசையில் பட்டன்களை அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். கொனாமி கம்பனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டைச் சோதித்துப் பார்க்கத் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. இணையம் எட்டிப் பார்க்காத எங்கள் ஊருக்கு அது வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தது. யாரோ ஒரு நானா யாரோ ஒரு தம்பிக்குச் சொல்லி, அவன் வகுப்பு முழுக்கச் சொல்லி.

விளையாட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது, உண்மை. ஆனால் மற்ற மூன்று வேலிகளும் அப்போது விழவில்லை. டிவி ஒன்றுதான். செய்தி நேரம் வந்தால் வாப்பா சேனலை மாற்றுவார். மஃரிபுக்கு பாங்கு சொன்னால் நிறுத்த வேண்டும். ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி அந்த விளையாட்டுக்களில் பெரும்பாலும் இல்லை. கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு ரிமோட் இருந்தது, ஆனால் ஆள் ஐந்து பேர். ஆடியவர்களைவிடப் பார்த்துக்கொண்டு "குதி, குதி" என்று கத்தியவர்கள்தான் அதிகம்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஞாபகம் பெரும்பாலும் ஆண்களின் ஞாபகம். இவதானி பெண்களை நினைத்து விளையாட்டுச் செய்து பத்துப் பதினைந்து வருடங்களுக்குப் பிறகும், எங்கள் வீடுகளில் ரிமோட் தங்கச்சியின் கைக்கு வந்தது கடைசியில்தான். "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்லுமுன் யாருக்கு என்று கேட்பதும் வரலாறு படித்தவரின் கடமை.

இரண்டாவதும் மூன்றாவதும்: நாணயமும் முடிவும்

பழைய இயந்திரங்கள் ஒன்றும் அப்பாவிகள் அல்ல. 1985இல் அடாரி கேம்ஸ் கம்பனி 'கோண்ட்லெட்' என்ற நான்கு பேர் ஆடும் இயந்திரத்தை வெளியிட்டது. அதில் நீங்கள் சும்மா நின்றாலும் உங்கள் உயிர்ச்சக்தி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும். கூட்ட வேண்டுமா? இன்னொரு நாணயம் போடுங்கள். திறமையால் நீட்டிக்கும் ஆட்டத்தைக் காசால் நீட்டிக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது ஓர் ஆரம்ப உதாரணம்.

ஆனாலும் நாணயம் என்பது கையில் தெரியும் பொருள். ஐந்து நாணயத்தோடு போன பிள்ளைக்கு ஐந்தும் முடிந்தது தெரியும். சட்டைப்பை காலியானால் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். கணித பாடத்தில் கழித்தலைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

2009 ஒக்டோபரில் அப்பிள் கம்பனி, இலவசமாகத் தரும் செயலிகளுக்குள்ளும் பொருட்களை விற்க அனுமதித்தது. அன்றிலிருந்து போன் விளையாட்டின் பொருளாதாரம் தலைகீழானது. உள்ளே வருவது இலவசம். வந்தவர் போகாமல் இருக்க வேண்டும், இருப்பவர்களில் சிலராவது செலவழிக்க வேண்டும். சீக்கிரம் தோற்கடித்து அனுப்புவது கடைக்காரருக்கு இலாபமாக இருந்தது அன்று. பிடித்து வைத்திருப்பதுதான் இலாபம் இன்று. "கேம் ஓவர்" என்ற சொல் மறைந்ததன் காரணம் இதுதான். நாளை வந்தால் பரிசு, இன்று வராவிட்டால் இழப்பு, இந்தப் பருவம் முடிந்தால் அடுத்த பருவம். முடிவே இல்லை.

2018இல் பெல்ஜியம், காசு கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் 'பரிசுப் பெட்டி'கள் தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்மானித்தது. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் எபிக் கேம்ஸ் கம்பனி, அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு 520 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. அதில் 245 மில்லியன், ஒரே பட்டன் அழுத்தத்தில் விருப்பமில்லாமல் காசு போக வைத்தது, பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகள் வாங்க இடம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டுகளுக்காகப் பாவனையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

இதை வாசிக்கும் வாப்பாமார் கவனிக்க வேண்டும். உங்கள் மகன் விளையாட்டை நிறுத்த முடியாமல் இருப்பது அவனது ஒழுக்கக்குறைவு மட்டுமல்ல. அவனை நிறுத்தவிடாமல் செய்வதற்குச் சம்பளம் வாங்கும் கெட்டிக்காரர்கள் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு "கேம் ஓவர்" என்று சொல்ல ஓர் இயந்திரம் இருந்தது. அவனுக்கு இல்லை.

நான்காவது வேலி: பக்கத்தில் நிற்கும் ஆள்

1991இல் கெப்கொம் கம்பனியின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது விளையாட்டு நிலையங்கள் மீண்டும் நிரம்பின. தோள் உரச நின்று இருவர் மோதுவார்கள். அடுத்து ஆட விரும்புபவர் தன் நாணயத்தைத் திரையின் கீழே வைப்பார். அந்த நாணயம் வரிசைச் சீட்டு. அதை யாரும் எடுக்க மாட்டார்கள். எழுதப்படாத சட்டம். தோற்றால் இடத்தை விட வேண்டும். வென்றவனைத் திட்டினால் அடுத்த முறை உங்களோடு ஆட யாரும் வர மாட்டார்கள்.

1996இல் சனிவேல் நகரத்தின் ஒரு விளையாட்டு நிலையத்தில் சுமார் 40 பேர் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார்கள். 1972இல் முதல் பொங் இயந்திரம் வைக்கப்பட்ட அதே நகரம். அந்தச் சிறு கூட்டம்தான் பின்னர் 'ஈவோ' என்ற உலகப் போட்டியாக வளர்ந்தது.

ஆனால் வீட்டுப் பெட்டிகள் சக்தி பெற்று, இணையம் வழியாக எதிராளி கிடைக்கத் தொடங்கியதும் கடைக்குப் போகும் காரணம் குறைந்தது. ஜப்பானில் 1986இல் 26 ஆயிரத்துக்கும் மேல் இருந்த விளையாட்டு நிலையங்கள் 2019 அளவில் சுமார் 4 ஆயிரமாகச் சுருங்கின. கொரோனா மீதியையும் அடித்தது. சேகா கம்பனி 2020இல் தன் நிலையங்களின் பெரும்பங்கை விற்று, 2022இல் முழுதாக வெளியேறியது. எதிராளி இன்றும் இருக்கிறார். ஆனால் அவருக்கு முகமில்லை. முகம் தெரியாதவரை எப்படித் திட்டினாலும் நாளை அவரைச் சந்திக்க வேண்டியதில்லை.

வேலிகளைத் தேடிப் போகிறவர்கள்

இப்போது அந்த மண்டபங்களுக்கு வருவோம். கலிபோர்னியாவில் 'கலிபோர்னியா எக்ஸ்ட்ரீம்' என்ற ஒன்றுகூடல் 1997 முதல் நடக்கிறது. தனிப்பட்டவர்கள் தங்கள் வீட்டில் பாதுகாத்த இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நுழைவுக் கட்டணம் ஒன்றே. உள்ளே நாணயம் தேவையில்லை. சிகாகோவுக்கு அருகே புரூக்ஃபீல்டில் 2010இல் திறக்கப்பட்ட 'கெலொப்பிங் கோஸ்ட்' நிலையத்திலும் அதே முறை. டோக்கியோவின் டகதனொபாபாவில் 'மிகாடோ' என்ற பழைய விளையாட்டு நிலையம் 2020இல் கொரோனாவால் தள்ளாடியபோது அதன் இரசிகர்கள் பணம் சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

அங்கே வருபவர்கள் வெறும் ஏக்கத்தில் வருபவர்கள் அல்ல. பலர் திருத்துநர்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளை இப்போது பெரிய கம்பனிகள் தயாரிப்பதில்லை. அது பழுதானால் திருத்தத் தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள். புதிய தட்டைத் திரையில் எல்லாம் ஆட முடியாதா என்று கேட்கலாம். 'டக் ஹன்ட்' என்ற வாத்துச் சுடும் விளையாட்டை எடுங்கள். துவக்கின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துவக்கில் இருக்கும் சிறு உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். குழாய்த் திரை அதை உடனே காட்டும். புதிய திரை ஒரு நொடியின் சிறு பங்கு தாமதிக்கும். அதற்குள் துவக்கு தேடி முடித்துவிடும். வாத்து சாகாது. கெசட்டைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, திரையையும் காப்பாற்ற வேண்டும் என்பதன் அர்த்தம் இது.

இதன் அவசரத்தைச் சொல்ல ஓர் எண் உண்டு. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுக்களில் 87 வீதத்தை இன்று கடையில் வாங்க முடியாது. செய்த கம்பனிகள் மூடிவிட்டன அல்லது கவலைப்படவில்லை. மிஞ்சியவற்றில் பெரும்பங்கைக் காப்பாற்றியவர்கள் ஆர்வலர்கள். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள், ஆயிரக்கணக்கான பழைய இயந்திரங்களின் உள்வேலையைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. நூலகங்கள் இவற்றைத் தூரத்திலுள்ள ஆய்வாளர்களுக்குத் திறந்துகொடுக்க அனுமதி கேட்டபோது, 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

இந்த ஒன்றுகூடல்களில் கிழவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1989ஆம் ஆண்டு 'டெட்ரிஸ்' விளையாட்டுக்கு 2010 முதல் உலகப் போட்டி நடக்கிறது. குழாய்த் தொலைக்காட்சியில்தான் ஆடுவார்கள். 2018இல் பட்டம் வென்றவருக்கு வயது 16. எதிரே தோற்றவர் ஏழு முறை சம்பியனான பெரியவர். 2023 டிசம்பரில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன், அதற்கு முன் எந்த மனிதரும் எட்டாத 157ஆவது கட்டம் வரை ஆடினான். அங்கே விளையாட்டே தாங்க முடியாமல் உறைந்து நின்றது. முடிவு என்ற ஒன்று இருந்தால், அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் இன்றும் தயார்.

எங்களுக்கு இதில் என்ன?

தடை செய்தால் தீராதா என்று கேட்பவர்களுக்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. தென் கொரியா 2011இல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டு ஆட முடியாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெரியவர்களின் அடையாள எண்ணைக் கொடுத்து நுழைந்தார்கள். அதற்குள் விளையாட்டு கணினியிலிருந்து போனுக்கு நகர்ந்துவிட்டது. பத்து வருடத்துக்குப் பின் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். கடைக்குப் போட்ட கதவைக் காற்றுக்குப் போட முடியவில்லை.

கம்பனிகள் வேலியைத் திருப்பிப் போடப் போவதில்லை. நாங்கள்தான் போட வேண்டும். என் ஆலோசனை நான்கு.

ஒன்று, இடம். விளையாட்டு சாலையில் எல்லாரும் இருக்கும் இடத்தில். படுக்கை அறையில் வேண்டாம்.

இரண்டு, காசு. விளையாட்டுக்குள் வாங்க வேண்டும் என்றால் கையிலிருக்கும் காசை எண்ணி உங்களிடம் தந்துவிட்டு வாங்கட்டும். உங்கள் வங்கி அட்டை போனில் பதிந்து கிடக்க வேண்டாம்.

மூன்று, முடிவு. "அரை மணித்தியாலம்" என்று சொல்வதைவிட "மூன்று ஆட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி ஆட்டத்தில் பறித்தால் கோபம் வரும். முடிவு உள்ள விளையாட்டுக்களைத் தெரிவுசெய்து கொடுங்கள்.

நான்கு, ஆள். இதுதான் முக்கியம். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். தோற்றுப் போங்கள். தங்கச்சியின் கைக்கும் ரிமோட் முதலில் போகட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், அலுமாரிக்கு மேலே பழைய டிவி கேம், கெசட், துவக்கு, குழாய் டிவி ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். பாடசாலை வரலாற்றுக் கழகத்தால் ஒரு சிறு கண்காட்சி செய்ய இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பொருள் இல்லாவிட்டால் ஞாபகம் தாருங்கள். உங்கள் ஊரில் முதன்முதல் டிவி கேம் யார் வீட்டுக்கு வந்தது, எந்த வருடம், கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்களா, எவ்வளவு எடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். ராத்தாமாரும் எழுதுங்கள், உங்கள் பக்கக் கதைதான் எங்களிடம் குறைவு.

எழுதாவிட்டால் இதுவும் மின்சாரம் நிறுத்திய இயந்திரத்தின் புள்ளிகள் போல அழிந்துவிடும்.